குதிரை சாகாத படங்கள்

எனக்குக் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த மூன்றாவது மாதமே கௌபாய் படம் பார்க்கிற வேலை கிடைத்துவிட்டது. ஆத்தூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. என் கணவர் ஆமாம் என்று தலையை ஆட்டிய பிறகுதான் காப்பியைக் கையில் எடுத்தார்.

என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்கு அருகிலிருந்த ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். மற்ற நாட்களில் தமிழ்ப் படம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும் இங்கிலீஷ் படம், அதுவும் பெரும்பாலும் குதிரைப் படம். பூட்டுப் பட்டறைகளிலும் தோல் பதனிடுகிற ஷாப்புகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு அன்றுதான் லீவு என்பதால் கொட்டகை நிரம்பிவிடும். ஆனால் திரையில் பேசுவது யாருக்கும் புரியாது. அதற்காகக் கதையைத் தமிழில் சுருக்கி, ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, டிக்கெட்டோடு ஒரு நோட்டீஸ் கொடுப்பார்கள். அதை எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் படத்தைப் பார்ப்பதில்லை; போஸ்டரைப் பார்த்தே கதை எழுதிவிடுவார். ஒரு முறை போஸ்டரில் பெரிதாக இருந்த முகத்தைக் கதாநாயகன் என்று எழுதிவைத்தார். படத்தில் அந்த ஆள் பத்தாவது நிமிஷமே ஒரு பாதிரியாரைச் சுட்டான். ஜனங்கள் நோட்டீஸைச் சுருட்டித் திரை மேலேயே எறிந்தார்கள்.

மறுநாள் கொட்டகை முதலாளி என் கணவரைக் கூப்பிட்டு, நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள்தானே என்று கேட்டாராம். அந்த வாரமே வேலை எனக்கு வந்துவிட்டது.

படப்பெட்டி மதுரையிலிருந்து ரயில் பார்சலில் வரும். ரீல்கள் அறுந்திருக்கின்றனவா என்று பார்க்க, சனிக்கிழமை காலையில் என் கணவர் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். அப்போது அவ்வளவு பெரிய கொட்டகையில் நான் ஒருத்தி மட்டும், பெஞ்சு வகுப்பின் நடுவில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். எனக்காகவே அமெரிக்காவில் குதிரைகள் ஓடுகிற மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் எழுதி முடித்து அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொடுப்பேன். எனக்கு இருபத்திரண்டு வயது. வாரம் முழுவதும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

முதல் வருஷம் எல்லாக் குதிரைப் படங்களும் எனக்கு ஒன்று போலத்தான் இருந்தன. பிறகு ஒரு படம் வந்தது. வங்கியைக் கொள்ளையடிக்க ஒருவன் துப்பாக்கியோடு நுழைகிறான். கவுண்ட்டரில் இருக்கிற குமாஸ்தா பயப்படவில்லை. ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டி, பெயர், ஊர், என்ன காரியமாக வந்தீர்கள், எல்லாவற்றையும் நிரப்பித் தாருங்கள் என்கிறார். கொள்ளைக்காரனுக்கு எழுதத் தெரியாது. துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற கிழவியிடம் எழுதித் தரும்படி கெஞ்சுகிறான். கிழவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்கிறாள்.

நான் சிரித்த சிரிப்பில், ஏதோ ஆகிவிட்டது என்று என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேபின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்.

படம் முடிந்ததும் கேபினுக்கு ஏறிப் போய், இதை எழுதியது யார் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புதிது. "படத்த எடுக்கத்தான செய்றாங்க. எழுதவுமா செய்றாங்க?" என்றார். முதல் ரீலைத் திரும்பப் போடச் சொன்னேன். நடிகர்கள், படம் பிடித்தவர், துணி தைத்தவர் என்று பெயர் அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன; ஒன்றின் நடுவே, எழுதியவர் என்று, அந்தப் பெயர் இருந்தது. இரண்டு மூச்சு நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிவைத்தேன். அந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் ஒரு காலத்தில் என்னிடம் கேட்டுக்கொண்ட விஷயம் அது; இப்போது தேவை இல்லையென்றாலும் மீற மனம் வரவில்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடினேன். அடுத்த இரண்டு வருஷத்தில் அவருடைய படங்கள் நான்கு வந்தன. இரண்டு குதிரைப் படம், இரண்டு சிரிப்புப் படம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவருக்கென்று சில பழக்கங்கள் இருப்பது பிடிபட்டது. அவர் எழுதிய படத்தில் எத்தனை பேர் செத்தாலும் ஒரு குதிரை கூடச் சாகாது. துப்பாக்கிச் சண்டை நடக்கும்போது யாராவது ஒரு சாதாரண ஆள், முடிவெட்டுகிறவரோ ரொட்டி சுடுகிறவரோ, தன் வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று: இரண்டாவது ரீலில் ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், பதில் வராது. நாம் அதை மறந்தே போயிருப்போம். ஒன்பதாவது ரீலில், சம்பந்தமே இல்லாத இடத்தில், பதில் வந்து விழும். அந்த நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

இதையெல்லாம் சோறு பரிமாறும்போது என் கணவரிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். நாளாக ஆக அவரும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கேபினிலிருந்து ஒரு நாள், "ஏ புள்ள, குருதை விழுந்துருச்சு. எந்திரிக்குமா?" என்று கத்திக் கேட்டார். குதிரை எழுந்து நின்றது. கேபினில் அவர் கை தட்டியது கீழே எனக்குக் கேட்டது.

அப்புறம் அந்தப் பெயர் வராமல் நின்றுபோனது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் தேடினேன். என் முதல் மகள் பிறந்து தவழத் தொடங்கிவிட்டாள். ஆள் செத்திருப்பார் என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரருக்காக அழுகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? வெங்காயம் உரிக்கும்போது அழுது முடித்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு புதுக் குதிரைப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் என்று வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. நானும் அலட்சியமாகத்தான் குறிப்பெடுத்தேன். இரண்டாவது ரீலில், ஊர்க் காவல் அதிகாரி துணி வெளுக்கிற ஒரு விதவையிடம், உன் பெயர் என்ன என்று கேட்கிறார். அவள் பதில் சொல்லாமல் துணியைப் பிழிகிறாள். நடுவில் ஒரு பெரிய துரத்தல் வந்தது. ஆற்றங்கரையில் குதிரையின் கால் பிசகிவிட, கதாநாயகன் துரத்துவதையே விட்டுவிட்டு இறங்கி, தன் சட்டையைக் கிழித்து அதன் காலுக்குக் கட்டுப் போடுகிறான். சண்டைக் காட்சி வந்தது. தெருவெல்லாம் குண்டு பறக்கிறது, அந்த விதவை கொடியில் ஒவ்வொரு சட்டையாக உதறிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். கடைசியில் புகை அடங்கி, எல்லோரும் போன பிறகு, அவள் ஒரு சட்டையை மடித்து அந்த அதிகாரியிடம் கொடுத்து, தன் பெயரைச் சொல்கிறாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு கேபின் படியில் ஓடினேன்.

"ஏங்க, அவரு சாகலைங்க. இது அவரு எழுதுனதுதான்."

"பேரு வேறல்ல போட்டுருக்கான்?"

"பேரு என்னமும் போட்டுக்கட்டும். கை அவரு கை."

என் கணவர் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் மறுபேச்சுப் பேசாமல் இரண்டாவது ரீலையும் ஒன்பதாவது ரீலையும் எடுத்து மறுபடி ஓட்டினார். இருவரும் ஓட்டை வழியாகத் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பார்த்து முடித்ததும், "ஆமாடி" என்றார். அன்று நோட்டீஸ் அச்சகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிற்று.

கடிதம் எழுதுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மதுரையிலிருந்த விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்து படக் கம்பெனியின் முகவரியை என் கணவர் வாங்கி வந்தார். ஆனால் யாருக்கு எழுதுவது? பெயர் இல்லாமல் போன மனிதருக்கு எழுதினால் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? இரண்டு நாள் யோசித்துவிட்டு, திரையில் வந்த அந்த வேறு பெயருக்கே எழுதினேன். ஐயா, தங்கள் பெயரில் வந்திருக்கும் படம் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அதைத் தாங்கள் எழுதவில்லை, இன்னார்தான் எழுதினார் என்று எனக்குத் தெரியும். இன்னின்ன காரணங்களால் தெரியும். அவர் உயிரோடு இருப்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் என்று தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். இவ்வளவுதான் கடிதம். தலைமைத் தபால் ஆபீஸில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, இந்த மாதிரி ஒரு கடிதத்தை யாராவது ஒழுங்கான மனுஷி எழுதுவாளா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் அந்த வெளிநாட்டு உறையைத் தெருவே பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவரேதான் எழுதியிருந்தார், மூன்று பக்கம். என் கடிதம் தன் நண்பரின் வீட்டில் பெரிய பீதியைக் கிளப்பிவிட்டதாக முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். திரையில் பெயர் வந்த அந்த நண்பர் ஒரு கால்நடை வைத்தியராம். வாழ்க்கையில் மருந்துச் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லையாம். இந்தியாவில் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்றால் இன்னும் யாருக்கெல்லாம் தெரியுமோ என்று பயந்துபோய், கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து இவர் முன்னால் போட்டாராம். இரண்டு பேரும் அதை இன்னொரு தடவை சேர்ந்து படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்களாம்.

நடந்தது இதுதான். அவருடைய நாட்டில் அப்போது கம்யூனிஸ்டுகளைத் தேடி அரசியல் விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. அவரைக் கூப்பிட்டு நண்பர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. அதிலிருந்து எந்தக் கம்பெனியும் அவர் பெயரைத் திரையில் போடத் தயாராக இல்லை. எழுதுவதைத் தவிர வேறு தொழில் தெரியாததால், அடுத்தவர் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். தன் கையை அடையாளம் கண்டுகொண்டதாக அதுவரை ஒருவர் கூட அவரிடம் சொன்னதில்லையாம். கடிதத்தின் கடைசியில், உங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எங்கள் ஊர்க்காரர் யாரிடமும் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எழுத்திலும் என் பெயரை வெளியே அனுப்பாதீர்கள் என்று கேட்டிருந்தார்.

அந்த வேண்டுகோளின் முதல் பாதியை நான் ஒரு வரமாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்து அந்தக் கால்நடை வைத்தியர் பெயரில் ஒரு சிரிப்புப் படம் வந்தபோது, நோட்டீஸின் தலைப்பில், கதை வசனம் என்று போட்டு, பக்கத்தில் அவருடைய உண்மையான பெயரைத் தமிழில் எழுதினேன். அச்சான பிறகு முதலாளி பார்த்துவிட்டார். படத்தில் ஒரு பெயர், நோட்டீஸில் ஒரு பெயரா என்று கேட்டார். விஷயத்தை முழுவதும் சொன்னேன். தோல் வியாபாரத்தில் தலை நரைத்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கூட்டாளியக் காட்டிக் குடுக்கலைன்னா பேர எடுத்துட்டாய்ங்க?"

"ஆமாங்கய்யா."

"அப்பப் பெருசாப் போடு தாயி. திண்டுக்கல்லுல வந்து எவன் கேக்கப்போறான்?"

ஆக, சொந்த ஊரில் எங்கேயும் அச்சேறக் கூடாத ஒரு பெயர், திண்டுக்கல்லில் ரோஸ் காகிதத்தில், கொட்டை எழுத்தில், டிக்கெட் வாங்கின அத்தனை பேர் கையிலும் இருந்தது. நோட்டீஸில் ஒன்றை மடித்து, வைத்தியர் வழியாக அவருக்கு அனுப்பினேன். தமிழ் அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தான். அதைக் கண்ணாடி போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருப்பதாகப் பதில் எழுதினார். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், ஒரு பூட்டுக் கம்பெனியின் விளம்பரம் என்று சொல்லிவிடுவாராம்.

பூட்டுக் கம்பெனி என்று அவருக்குத் தோன்றக் காரணம் உண்டு. எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தார். மலைக்கோட்டை, தோல், பிரியாணி, பூட்டு எல்லாவற்றையும் பற்றி எழுதியிருந்தேன். பூட்டுப் பட்டறைக்காரர்களுக்கு அவருடைய படங்கள் மேல் ஒரு வருத்தம் இருப்பதையும் மறைக்கவில்லை. கதாநாயகன் சிறைக் கதவின் பூட்டைத் துப்பாக்கியால் சுடுவான், பூட்டு படக்கென்று திறந்துகொள்ளும். எல்லாக் குதிரைப் படத்திலும் இப்படித்தான். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழும். எங்கள் தெருவிலிருந்த ஒரு பூட்டு ஆசாரி என்னிடமே வந்து, "தாயி, சுட்டா நாக்கு உள்ளாறதான் நெரிஞ்சு மாட்டிக்கிரும். பொறவு சாவி போட்டாக்கூடத் தொறக்காது. அம்புட்டுப் படிச்சவுக இது தெரியாமயா எழுதுறாக?" என்று கேட்டிருந்தார். பூட்டுக்குள் இருக்கிற நாக்கின் படத்தைக்கூட அவர் வரைந்து கொடுத்தார். அதையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் ஆட்களின் பேச்சு அவரைப் புண்படுத்திவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகள் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு சனிக்கிழமை, படப்பெட்டியைத் திறந்து முதல் ரீலை மாட்டிய என் கணவர், சில நிமிஷத்தில் கேபினிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூவினார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். நிமிர்ந்து பார்த்தேன். திரையில் அவருடைய பெயர் இருந்தது. கால்நடை வைத்தியர் பெயர் இல்லை, அவருடைய சொந்தப் பெயர், தனி அட்டையில். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த அட்டை போன பிறகும் நின்றுகொண்டேயிருந்தேன். என் கணவர் ரீலைக் கழற்றித் திரும்பச் சுற்றி மறுபடி போட்டார். மூன்று தடவை பார்த்தோம்.

ஆனால் அந்தப் படத்தில் இருந்த இன்னொன்றை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எட்டாவது ரீலில் கதாநாயகன் சிறைக்கு வருகிறான், பூட்டைக் குறிவைக்கிறான், சுடுகிறான். பூட்டு திறக்கவில்லை. குண்டு தெறித்துத் திரும்பி வந்து அவன் தொப்பியைத் தட்டிவிட்டுப் போகிறது. இன்னொரு தடவை சுடுகிறான். திறக்கவில்லை. உள்ளே இருக்கிற கிழட்டுக் கைதி சலித்துக்கொண்டு சொல்கிறான்: நாக்கை நெரித்துவிட்டாயே தம்பி, இனிமேல் சாவி கிடைத்தாலும் நான் வெளியே வர முடியாது.

அந்த வசனத்தை நான் நோட்டீஸில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு கேபினில் உட்கார்ந்துகொண்டேன். கதாநாயகன் பூட்டைக் குறிவைத்ததும் வழக்கமான முணுமுணுப்பு எழுந்தது. சுட்டான். பூட்டு அப்படியே தொங்கியது. தொப்பி பறந்ததும், தரை டிக்கெட் முழுவதும் எழுந்து நின்றது. விசில் சத்தத்தில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது, தேவையும் இல்லை. பூட்டு ஆசாரி பெஞ்சு மேல் ஏறி நின்று திரையைக் காட்டி, "கேட்டுட்டாருய்யா மனுசன்" என்று நாலு பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மேலிருந்து பார்த்தேன். காட்சி முடிந்ததும் அந்த ரீலை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லி ஜனங்கள் நகரவே இல்லை. மத்தியானத் தமிழ்ப் படத்துக்கு வந்தவர்கள் வெளியே வெயிலில் காத்திருக்க, முதலாளியே மேலே வந்து போடச் சொன்னார்.

அதன்பிறகு அவருக்கு டெலிவிஷனில் வேலை வந்தது. வாரம் ஒரு கதை எழுத வேண்டும் என்றும், எந்தக் கதையானாலும் வருகிற குதிரை அதே ஒரு குதிரைதான் என்றும் எழுதியிருந்தார். அவர் பெயரில் எங்கள் பக்கம் கடைசியாக வந்தது ஒரு சிரிப்புப் படம். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மனைவியைத் தேடிக் கணவன் ஊர் ஊராகப் போகிற கதை; கடைசியில் கண்டுபிடித்ததும், வாசலில் நிற்க வைத்தே அவள் அவனை மன்னித்துவிடுவாள். திண்டுக்கல்லில் ஓடிய பிறகு அதை வத்தலக்குண்டில் ஒரு டூரிங் கொட்டகையில் போட்டார்கள். என் கணவரை அங்கே ஒரு நாளைக்கு ஆபரேட்டராகக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் மகளோடு பஸ் ஏறினேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் மேலே கட்டியிருந்த நோட்டீஸ் கட்டு கூழாகிவிட்டது.

சாயங்காலம் ஆறரை மணிக் காட்சி. பூ வாங்க விற்க வந்தவர்கள், தென்னந்தோப்புக்காரர்கள், குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் ஒரு துண்டு நோட்டீஸ் இல்லை. கொட்டகைக்காரர் கையைப் பிசைந்தார். என் கணவர் மைக்கை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். நான் முடியாது என்றேன். "சனிக்கெழம சனிக்கெழம எனக்குச் சொல்லுவீல்ல, அப்படியே சொல்லு" என்றார்.

முதல் ரீலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது ரீலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். கணவன் சொன்னதை ஒரு குரலில், மனைவி சொன்னதை இன்னொரு குரலில், மாமியார் சொன்னதை ஆத்தூரில் எங்கள் அத்தை பேசுகிற குரலில் சொன்னேன். வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கூரையில் மழை கொட்டியது. நான் அதற்கு மேல் கத்தினேன்.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, மல்லிகைக் கூடையோடு ஓர் அம்மா நேராக என்னிடம் வந்தார். படத்தை நானே எடுத்ததாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கோபமாக இருந்தார்.

"அம்புட்டுத் தூரம் தேடி வந்தவன ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொன்னாளா அவ? மன்னிக்கிறது பெறகு. மொதல்ல தண்ணி குடுக்க வேணாமா?"

மறுநாள் அதை அப்படியே மொழிபெயர்த்து அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டேன். இந்த முறை மூன்றே வாரத்தில் பதில் வந்தது. அந்தக் காட்சியைத் தான் பதினோரு முறை திருத்தி எழுதியதாகவும், ஒவ்வொரு முறையும் ஏதோ குறைவதாகவே தோன்றியதாகவும், அது ஒரு டம்ளர் தண்ணீர் என்று இப்போதுதான் தெரிந்தது என்றும் எழுதியிருந்தார். அந்த அம்மாவின் விலாசத்தையும் கேட்டிருந்தார்.